10 மில்லி செக்கனுக்குள் ஒரு வேலை: அரிசி ஆலையில் இன்டரப்ட் எழுதிய அனுபவம்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை கட்டும் இயந்திரம் நிறையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். நிறையை உணரும் லோட் செல்லை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று, இயந்திரத்தின் காலுக்குக் கீழே ரப்பர் வைத்தும் பார்த்தாயிற்று. 25 கிலோ என்று போட்டால் ஒரு மூட்டை கூடி வரும், அடுத்தது குறைந்து வரும். இயந்திரத்தை ஓட்டுகிற காக்காதான் (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சரியான துப்பைத் தந்தார்.

"தம்பி, நான் ஸ்க்ரீனத் தொடாம இருந்தா ஓரளவு ஒழுங்கா வருது. தொட்டா அந்த மூட்டை பிழைச்சுப் போகுது."

"எந்த இடத்தத் தொட்டாலுமா காக்கா?"

"ஓம், எங்க தொட்டாலும்."

ஒரு குறிப்பிட்ட பட்டனைத் தொட்டால் மட்டும் பிழைக்கிறது என்றால் அந்தப் பட்டனுக்குரிய கோடை, அதாவது மென்பொருளின் நிரல் வரிகளை, பார்க்கலாம். எங்கே தொட்டாலும் பிழைக்கிறது என்றால், தொடுகை வந்தவுடன் செயலி வேறு எதையோ கைவிட்டுவிட்டு ஓடுகிறது என்று அர்த்தம். நேரம் தவறினால் பிழைக்கும் வேலை ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் நேரத்தைத் திரை தின்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததில் இருந்து அதை ஒழுங்காக்கி முடித்தது வரை நான் கற்றதை, இந்தத் துறைக்குள் வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். மேலே தொட்டியில் அரிசி. அதன் கீழே மின்காந்தத்தால் அதிரும் ஒரு தட்டு. தட்டு அதிர அதிர அரிசி முன்னோக்கி நகர்ந்து சாக்குக்குள் விழும். முதலில் வேகமாகக் கொட்டும். நிறை கிட்டியதும் மெதுவாகச் சொட்டும். குறித்த அளவு வந்ததும் நிற்கும். நிற்கும் அந்தக் கணத்தில் தட்டின் விளிம்புக்கும் சாக்குக்கும் இடையில் கொஞ்சம் அரிசி விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கணக்கில் எடுத்து இயந்திரம் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துகிறது. இந்தக் கணக்கு சரியாக வர, அரிசி ஒரே சீராக விழ வேண்டும். அது சீராக விழ, தட்டு ஒரே சீராக அதிர வேண்டும்.

தட்டின் அதிர்வைக் கட்டுப்படுத்துவது ட்ரையக் என்ற மின்னணு ஆளி. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு செக்கனுக்கு 100 தடவை மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும். 10 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு பூச்சியக் கடப்பிலும் செயலிக்கு ஓர் இன்டரப்ட், அதாவது "கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு இதைக் கவனி" என்ற அழைப்பு, வருகிறது. அதிலிருந்து இவ்வளவு நேரம் கழித்து ட்ரையக்கைத் திறந்துவிட வேண்டும். சீக்கிரம் திறந்தால் அதிர்வு கூடும், பிந்தித் திறந்தால் குறையும். 10 மில்லி செக்கன் என்பது 180 பாகை. ஆகவே 1 மில்லி செக்கன் பிந்தினால் 18 பாகை பிந்தியது. 100 மைக்ரோ செக்கன் பிந்தினால் 1.8 பாகை. எந்தப் பிந்தலைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்க முடியாது என்பதை இப்படிப் பாகையில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். "வேகமாக இருக்க வேண்டும்" என்று சொல்வதில் பயனில்லை. எவ்வளவு பிந்தினால் அரிசி மாறி விழும் என்று முதலில் ஓர் இலக்கத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இன்டரப்ட் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் அந்த இலக்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டிக்குள் இருந்தது ஒற்றை மையச் செயலியுடைய ஒரு சின்ன ஆர்ம் போர்ட். அதில் லினக்ஸ் இயங்குதளம். பூச்சியக் கடப்பு, ட்ரையக், லோட் செல், தொடுதிரை, எஸ்டி அட்டையில் பதிவு எழுதுவது எல்லாம் அந்த ஒரே செயலியின் தலையில். டிரைவரை (சாதனங்களை இயக்கும் மென்பொருளை) எழுதியவர்கள் இயந்திரத்தோடு கோடையும் கொடுத்திருந்தார்கள், அது பெரிய உதவி.

கோடைத் திறக்க முன் எண்ணுங்கள்

கோடை வாசிக்கத் தொடங்கினால் அதிலேயே மூழ்கிப் போவோம். அதனால் நான் முதலில் இன்டரப்ட்களை எண்ணினேன். லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்த இன்டரப்ட் இதுவரை எத்தனை தடவை வந்தது என்று அது காட்டும். 10 செக்கன் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துக் கழித்தால் போதும். பூச்சியக் கடப்புக்கு 1000 வர வேண்டும். ஆலை ஓயும் நேரத்தில் ஏறக்குறைய 1000 வந்தது. உமி நீக்கும் மோட்டர்களும் தீட்டும் மோட்டர்களும் ஓடத் தொடங்கியதும் அது ஆயிரத்தைத் தாண்டி எகிறியது. மின்சாரம் ஒரு செக்கனுக்கு 100 தடவைக்கு மேல் பூச்சியத்தைக் கடக்காது. கூட வந்தவை எல்லாம் பொய்.

பொய் எங்கிருந்து வருகிறது? மெயின்ஸைத் தொடாமல் ஒளி வழியாகப் பூச்சியக் கடப்பைக் காட்டும் ஒப்டோ கப்ளரின் வெளியீடு பூச்சியத்துக்குக் கிட்ட மிக மெதுவாக ஏறி இறங்கும். அந்த மெதுவான சரிவின் மீது மோட்டர்களின் இரைச்சல் ஏறினால், ஒரே கடப்பு செயலியின் காலுக்கு (கம்பி இணையும் உலோக முனைக்கு) இரண்டு மூன்று விளிம்புகளாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் இன்டரப்ட். இதற்கு மருந்து மென்பொருளில் தொடங்குவதில்லை. ஒப்டோவுக்குப் பின்னால் ஒரு சிறிய ஆர்சி வடிகட்டி, அதற்குப் பின்னால் ஷ்மிட் ட்ரிகர் கேட் ஒன்று. சரிவு கூர்மையாகிவிடும். அதன் பிறகு டிரைவரில் ஒரு காவல்: ஒரு கடப்பை ஏற்றுக்கொண்டால் அடுத்த 8 மில்லி செக்கனுக்கு வருவதை எண்ணிவிட்டுத் தள்ளிவிடு. "எண்ணிவிட்டு" என்பது முக்கியம். தள்ளியவற்றின் தொகையைச் சேமித்து வைத்தால், நாளைக்கு வடிகட்டி பழுதானால் அந்தத் தொகையே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இது 230 வோல்ட். ஒசிலோஸ்கோப்பின் ஏர்த் கிளிப்பை ஒப்டோவின் மெயின்ஸ் பக்கத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். பார்க்க வேண்டியது எல்லாம் ஒப்டோவின் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 24 மெகாஹேர்ட்ஸ், 8 சனல் உள்ள, கால்களின் ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு பதியும் மலிவான லொஜிக் அனலைசர் ஒன்று இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

கையாளிக்குள் என்ன இருந்தது

எண்ணிக்கை சரியான பின்னும் திரையைத் தொட்டால் பிழைக்கும் குறை போகவில்லை. இப்போதுதான் கோடைத் திறந்தேன்.

பூச்சியக் கடப்பின் இன்டரப்ட் கையாளிக்குள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் கோடுக்குள்) ஒரு பிரின்ட்கே வரி இருந்தது. இரண்டு கடப்புகளுக்கு இடையிலான நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் எச்சரிக்கை எழுதும் வரி. எழுதியவரின் எண்ணம் நல்லது. ஆனால் அந்த எழுத்து 115200 வேகத்தில் ஓடும் சீரியல் கொன்சோலுக்குப் போகிறது. ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் 80 எழுத்து உள்ள ஒரு வரி வெளியே போக ஏறக்குறைய 7 மில்லி செக்கன். நமக்கு இருப்பதே 10. அந்த ஏழும் இன்டரப்ட் அடைத்த நிலையில் போகிறது. அடுத்த கடப்பு பிந்தி உணரப்படும்; பிந்தியதால் இடைவெளி ஒழுங்கில்லை என்று மீண்டும் எச்சரிக்கை; அதனால் மீண்டும் பிந்தல். ஒரு சின்ன இரைச்சல் வந்தால் பல சுற்றுக்கு இயந்திரம் தன்னையே குழப்பிக்கொண்டிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓர் எண்ணியை வைத்தேன். எச்சரிக்கையை எழுதும் வேலையை அவசரமில்லாத ஒரு த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை) செக்கனுக்கு ஒரு தடவை அந்த எண்ணியைப் பார்த்துச் செய்கிறது.

அடுத்தது தொடுதிரை. தொடுதிரைச் சிப் ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகப் பேசுவது, 100 கிலோஹேர்ட்ஸில். கேர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) வழக்கமான ஐ2சி செயற்கூறுகள், செயலியை மற்ற வேலைகளுக்கு விட்டுவிட்டுத் தூங்கிக் காத்திருக்கக் கூடியவை. இன்டரப்ட் கையாளிக்குள் தூங்கக் கூடாது. தூங்கினால் கேர்னல் 'ஷெடியூலிங் வைல் அட்டொமிக்' என்று கத்தும். கத்தலை நிறுத்துவதற்காக, தூங்காமல் காலைத் தானே ஆட்டி ஆட்டி வாசிக்கும் ஒரு கோடைக் கையாளிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். கணக்குப் பாருங்கள்: முகவரியும் தரவும் சேர்ந்து 8 பைட், பைட்டுக்கு 9 துடிப்பு, மொத்தம் 72 துடிப்பு. 100 கிலோஹேர்ட்ஸில் 0.72 மில்லி செக்கன். அந்த நேரம் முழுவதும் வேறு எந்த இன்டரப்டும் உள்ளே வர முடியாது. பாகையில் சொன்னால் 13. காக்கா விரலை வைத்ததும் தட்டின் அதிர்வு மாறியதற்கு இதுவே காரணம்.

கேர்னல் கத்துவது தொந்தரவு அல்ல. "இந்த வேலையை இந்த இடத்தில் செய்யாதே" என்று அது தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு வேலையை இடம் மாற்ற வேண்டுமே தவிர, கத்தாதபடி சுற்றிப் போகக் கூடாது.

இடம் மாற்றுவதற்கு லினக்ஸில் நல்ல வழி இருக்கிறது: த்ரெட் வைத்த இன்டரப்ட். 2009ல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்தே இருக்கிறது. 'ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ' என்று பதிவு செய்தால் இரண்டு செயற்கூறுகளைக் கொடுக்கலாம். முதலாவது உண்மையான இன்டரப்ட் நிலையில் ஓடும். இரண்டாவது தனி த்ரெட்டில் ஓடும், தூங்கலாம், ஐ2சி பேசலாம். நெல் லொறி ஆலை வாசலுக்கு வந்ததும் காவலாளி நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு உள்ளே விடுவார். ஈரப்பதம் பார்ப்பதும் நிறுப்பதும் உள்ளே நடக்கும். வாசலிலேயே எல்லாவற்றையும் செய்யப் போனால் லொறிகள் பிரதான வீதி வரை நிற்கும். முதல் செயற்கூறு அந்த வாசல்: நேரத்தைக் குறி, சிப்பை அமைதிப்படுத்து, த்ரெட்டை எழுப்பு, வெளியேறு.

தொடுதிரைச் சிப்பின் இன்டரப்ட் விளிம்பு வகை அல்ல, மட்ட வகை. தரவை வாசித்து முடிக்கும் வரை இன்டரப்ட் கம்பி தாழ்ந்தே இருக்கும். வாசிப்பதோ த்ரெட்டில், பிந்தி. ஆகவே முதல் செயற்கூறு முடிந்து இன்டரப்டைத் திறந்துவிட்டால் உடனே மீண்டும் வரும், மீண்டும் வரும், செயலி வேறெதையும் செய்யாது. 'ஒன்ஷொட்' கொடியைப் போட்டால் த்ரெட் முடியும் வரை அந்த இன்டரப்டைக் கேர்னல் அடைத்தே வைத்திருக்கும். இந்த ஒரு கொடியை மறந்ததால் போர்ட் உறைந்து நிற்பதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த இடம்: லோட் செல். நிறையை வாசிப்பது எச்எக்ஸ்711 என்ற 24 பிட் சிப். செயலி ஒரு கடிகாரக் காலை மேலும் கீழும் ஆட்ட, சிப் ஒவ்வொரு பிட்டாகத் தரும். ஆனால் அந்தக் கடிகாரக் கால் 60 மைக்ரோ செக்கனுக்கு மேல் உயர்ந்தே நின்றால் சிப் அதை "உறங்கு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கால் உயர்ந்திருக்கும் நேரத்தில் தொடுதிரை இன்டரப்ட் வந்து 720 மைக்ரோ செக்கன் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? சிப் உறங்கி, பிறகு புதிதாக விழிக்கும். அந்த வாசிப்பு குப்பை. விழித்த பின் நிலைக்கு வரவும் நேரம் வேண்டும்: செக்கனுக்கு 10 வாசிப்பு வேகத்தில் 400 மில்லி செக்கன், 80 வேகத்தில் 50. மூட்டை நிரம்பும் கடைசிக் கட்டத்தில் இது நடந்தால் அந்த மூட்டை போயிற்று.

இந்தச் சிப்புக்கு லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரைத் திறந்து பாருங்கள். கடிகாரக் காலை உயர்த்த முன் இன்டரப்ட்களை அடைக்கிறது, தாழ்த்தியதும் திறக்கிறது. ஏன் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். 25 துடிப்பையும் சேர்த்து அடைக்கவில்லை, ஒவ்வொரு துடிப்பின் உயர்ந்த பகுதியை மட்டும் அடைக்கிறார்கள். கால் தாழ்ந்திருக்கும்போது எவ்வளவு பிந்தினாலும் சிப்புக்குக் கவலையில்லை. அப்போது மற்ற இன்டரப்ட்கள் வந்து போகலாம். எங்கே பிந்தினால் கெடும், எங்கே பிந்தினால் கெடாது என்று பிரித்துப் பார்த்து, கெடும் துண்டுக்கு மட்டும் கதவை மூடுவது. இன்டரப்டை அடைப்பது பற்றி எத்தனை பக்கம் வாசித்தாலும், அந்தச் சில வரிகள் கற்பித்தது போல எனக்கு வேறெதுவும் கற்பிக்கவில்லை. நான் பெட்டியில் இருந்த கோடைக் கழற்றிவிட்டு அந்த டிரைவரையே போட்டேன்.

ஆர்டி போட்டால் போதுமா

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கும் ஒரு பிள்ளை அப்போது என்னோடு பயிற்சியில் இருந்தார். இவ்வளவும் ஆன பின் கேட்டார்:

"சேர், ப்ரீஎம்ப்ட் ஆர்டி கேர்னலப் போட்டா இதெல்லாம் தேவையே இல்லத்தானே?"

"போடலாம் தம்பி. அது எதத் தரும், எதத் தராது எண்டு முதல்ல பாப்பம்."

ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்பது கேர்னலை நேரம் தவறாமல் ஓட வைக்கும் மாற்றங்களின் தொகுப்பு. அது ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனி ஒட்டாக (பேட்ச்) வளர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் பிரதான கேர்னலுக்குள் வந்தது. 64 பிட் ஆர்ம், எக்ஸ்86, ரிஸ்க்-வி ஆகியவற்றுக்கு. அது கையாளிகளை வேகமாக்குவதில்லை. மிக மோசமான பிந்தலுக்கு ஓர் எல்லை போடுகிறது. அதற்காகப் பெரும்பாலான கையாளிகளைத் தானாகவே த்ரெட்டுக்கு மாற்றுகிறது. தூங்காமல் சுழன்று காத்திருக்கும் பூட்டான சாதாரண ஸ்பின்லொக்கும் தூங்கக் கூடிய பூட்டாக மாறுகிறது. உண்மையான இன்டரப்ட் நிலையிலேயே ஓட வேண்டிய கையாளிக்குள், தூங்காத பழைய வகையான 'ரோ ஸ்பின்லொக்' போட வேண்டும். ஹைரெஸ் டைமரையும் 'ஹார்ட்' என்று குறிக்காவிட்டால் அதுவும் த்ரெட்டுக்குப் போய்விடும். இன்டரப்ட் த்ரெட்கள் எல்லாம் ஒரே முன்னுரிமையில், 50ல், தொடங்கும். எது முந்த வேண்டும் என்று நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் கேர்னலை மட்டும் மாற்றினால் பூச்சியக் கடப்பும் தொடுதிரையும் ஒரே வரிசையில் சமமாக நிற்கும்.

எங்கள் போர்ட் 32 பிட் ஆர்ம். அதற்கு அந்தப் பதிப்பில் ஆர்டி இல்லை என்பதால் கேள்வி அதோடு முடிந்தது. ஆனாலும் 64 பிட் போர்ட் கையில் இருந்திருந்தாலும் ட்ரையக்கை நான் லினக்ஸில் விட்டிருக்க மாட்டேன்.

நேரத்தை வன்பொருளிடம் கொடுப்பது

நான் சொல்ல விரும்பும் விஷயத்தின் மையம் இதுதான். இன்டரப்ட் வந்ததும் ஓடிப்போய் ட்ரையக்கைத் திறப்பது என்ற வடிவமைப்பில், கையாளி பிந்தும் ஒவ்வொரு மைக்ரோ செக்கனும் அரிசியில் தெரியும். எவ்வளவு திறமையாக எழுதினாலும் தெரியும். கையாளி பிந்தினாலும் கெடுதல் வராத மாதிரி வேலையைப் பிரித்தால் அந்தப் போட்டியே இல்லாமல் போகும்.

பூச்சியக் கடப்பையும் ட்ரையக்கையும் 72 மெகாஹேர்ட்ஸில் ஓடும் ஓர் எஸ்டிஎம்32 நுண்கட்டுப்படுத்திக்கு மாற்றினேன். லினக்ஸ் போர்ட் சீரியல் வழியாக "இவ்வளவு அதிர்வு வேண்டும்" என்று மட்டும் சொல்லும். அந்தச் சிப்பில் கையாளி தொடங்க எடுக்கும் நேரம் 12 கடிகாரச் சுற்று, அதாவது ஒரு மைக்ரோ செக்கனின் ஆறில் ஒரு பங்கு. அந்த வேகத்தைக் கண்டு, கையாளிக்குள் காத்திருந்து காலை உயர்த்தலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யவில்லை. டைமருக்கே அந்த வேலையைக் கொடுத்தேன்.

அந்த டைமருக்கு ஒற்றைத் துடிப்பு நிலை என்று ஒன்று உண்டு. பூச்சியக் கடப்பின் கம்பி நேரே டைமரின் உள்ளீட்டுக்குப் போகிறது. விளிம்பு வந்ததும் டைமர் தானாக ஓடத் தொடங்கும். ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடத்தில்) உள்ள எண்ணை எட்டியதும் வெளியீட்டுக் கால் தானாக உயரும். எல்லை எண்ணை எட்டியதும் தாழ்ந்து டைமர் நிற்கும். இடையில் ஒரு வரி கோட் கூட ஓடத் தேவையில்லை. கடிகாரத்தை 72ஆல் பிரித்தால் டைமரின் ஒவ்வோர் எண்ணிக்கையும் ஒரு மைக்ரோ செக்கன். 16 பிட் டைமர் 65 மில்லி செக்கன் வரை எண்ணும், 10க்குத் தாராளம். இன்னும் ஒரு டைமர் கடப்புகளின் நேரத்தை வன்பொருளிலேயே பிடித்து வைக்கிறது. கையாளி செய்வது, பிடித்து வைத்த நேரத்தை எடுத்து, அடுத்த சுற்றுக்கான எண்ணைக் கணக்கிட்டு, முன்கூட்டியே ஏற்றி வைக்கும் (ப்ரீலோட்) ரெஜிஸ்டரில் எழுதி வைப்பது. புதிய எண் இந்தச் சுற்று முடிந்த பின்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே கையாளி சில நூறு மைக்ரோ செக்கன் பிந்தினாலும் ட்ரையக் நேரம் தவறாது.

இந்த அமைப்பில் கேட்காமலே கிடைத்த நன்மைகளும் உண்டு. டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் இரைச்சல் விளிம்புகள் அதை மீண்டும் தொடங்க வைக்காது. பூச்சியக் கடப்பின் கம்பி அறுந்தால் டைமர் தொடங்கவே தொடங்காது, ட்ரையக் மூடியே இருக்கும்.

துடிப்பின் நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். தட்டின் மின்காந்தம் ஒரு சுருள். அதில் மின்னோட்டம் உடனே ஏறாது. ட்ரையக் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மின்னோட்டம் ஏறும் வரை கேட் துடிப்பு நீடிக்க வேண்டும். அதற்காக அடுத்த பூச்சியக் கடப்பைத் தாண்டியும் நீடித்தால் அடுத்த அரைச் சுற்று தொடக்கத்திலேயே திறந்து, தட்டு முழு வேகத்தில் அதிரும்.

நுண்கட்டுப்படுத்தியிலும் கண்ணிகள் இருக்கின்றன. முன்னுரிமை எண் சிறிதானால் உரிமை பெரிது. இதைத் தலைகீழாக நினைத்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஃப்ரீஆர்டிஓஎஸ் (நுண்கட்டுப்படுத்திக்கான சிறிய இயங்குதளம்) போட்டிருந்தால், அது வகுத்த எல்லைக்கு மேற்பட்ட உரிமையுள்ள கையாளியில் இருந்து அதன் எந்தச் செயற்கூறையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் நாள் கணக்கில் நன்றாக ஓடிவிட்டு ஒரு நாள் விழும். இன்டரப்ட் கொடியைக் கையாளியின் கடைசி வரியில் அழித்தால், அந்த எழுத்து சாதனத்தைச் சென்று சேர முன்பே கையாளி முடிந்து, அதே இன்டரப்ட் மீண்டும் ஒரு தடவை வரும். கொடியை முதல் வரியிலேயே அழித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது வரும் புதிய நிகழ்வும் தொலையாது.

கையாளிக்கும் பிரதான சுற்றுக்கும் (திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப்புக்கும்) இடையில் பகிரும் மாறிகளுக்கு 'வொலடைல்' போட்டால் போதும் என்று பலர் நிற்கிறார்கள். கொம்பைலர் பழைய பெறுமதியை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் நினைவகத்தில் இருந்து எடுக்க வைப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு 32 பிட் எண்ணை ஆர்ம் செயலி ஒரே மூச்சில் வாசிக்கும், சரி. நேரமும் நிறையும் சேர்ந்த ஒரு ஸ்ட்ரக்டை (மாறிகளின் தொகுப்பை) வாசிக்கும்போது நடுவில் இன்டரப்ட் வந்தால் பழைய நேரமும் புதிய நிறையும் கலந்து வரும். நான் வளைய இடையகம் (ரிங் பஃபர்) வைத்தேன். எழுதும் சுட்டியைக் கையாளி மட்டும் நகர்த்தும், வாசிக்கும் சுட்டியைப் பிரதான சுற்று மட்டும் நகர்த்தும், பூட்டு தேவையில்லை. இடையகம் நிரம்பினால் புதியதைக் கைவிட்டு, கைவிட்டதை எண்ணி வைக்கும்.

அளப்பது ஆலையில்தான்

வீட்டு மேசையில் எல்லாம் சரியாக ஓடும். மேசையில் 30 குதிரைவலு மோட்டர் இல்லை, தவிட்டுத் தூசி இல்லை, மத்தியானச் சூடு இல்லை. ஆகவே இறுதி அளவீட்டை எல்லா மோட்டரும் ஓடும் நேரத்தில், காக்கா திரையைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்க, எஸ்டி அட்டைக்குப் பதிவும் எழுதிக்கொண்டிருக்கச் செய்தேன். அளக்கும் முறை எளிது. கையாளி தொடங்கும் வரியில் ஓர் உதிரிக் காலை உயர்த்து, முடியும் வரியில் தாழ்த்து. லொஜிக் அனலைசரின் ஒரு சனல் அந்தக் காலில், இன்னொன்று பூச்சியக் கடப்பில், மூன்றாவது ட்ரையக் கேட்டில். மணிக்கணக்காகப் பதிய விட்டு, எடுக்க வேண்டியது சராசரியை அல்ல, மிகப் பெரிய இடைவெளியை. சராசரி எப்போதும் அழகாகவே இருக்கும். ஆயிரம் சுற்றில் ஒன்று பிந்தினாலும் செக்கனுக்கு 100 சுற்று ஓடும் இயந்திரத்தில் அது 10 செக்கனுக்கு ஒரு தடவை. லினக்ஸ் பக்கத்தை அளக்க 'சைக்ளிக்டெஸ்ட்' இருக்கிறது. அதையும் இதே சுமையின் கீழ் ஓட்டினால்தான் அது சொல்லும் எண்ணுக்கு மதிப்பு.

இந்த அளவீட்டின்போது கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஜெனரேட்டரில் சுமை ஏறி இறங்க அதிர்வெண் 50ல் இருந்து நகரும், அலையின் வடிவமும் சிதையும். அரைச் சுற்று 10 மில்லி செக்கன் என்று கோடில் எழுதி வைத்திருந்தால் அங்கே பாகை மாறும். கடப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்து, திறக்கும் நேரத்தை அதன் பங்காகக் கணக்கிட்டதால் தட்டு அதே சீரில் அதிர்ந்தது. ஒரு சுற்றின் அளவை மட்டும் நம்பாமல் கடைசிச் சில சுற்றுகளின் நடு மதிப்பை எடுக்கிறேன். சராசரி எடுத்தால் ஒரு கெட்ட அளவு எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

வோட்ச்டொக் பற்றியும் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் கோடிடம் இருந்து தகவல் வராவிட்டால் சிப்பை மீளத் தொடங்க வைக்கும் காவல் டைமர் அது. அதற்குச் சோறு போடும் வரியை டைமர் இன்டரப்டுக்குள் வைக்காதீர்கள். பிரதான சுற்று எங்கேயோ மாட்டி நின்றாலும் இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும். செத்த இயந்திரத்தை உயிரோடு இருப்பதாக வோட்ச்டொக் நம்பிக்கொண்டிருக்கும். பிரதான சுற்று ஒரு முழுச் சுற்று முடித்து, நிறை வாசிப்பும் பூச்சியக் கடப்பும் புதிதாக வந்திருக்கின்றன என்று பார்த்த பின்னரே அந்த வரி ஓட வேண்டும்.

வோட்ச்டொக் சிப்பை மீளத் தொடங்க வைத்தால், கோட் ஓடி அமைக்கும் வரை ஏறக்குறைய எல்லாக் கால்களும் உள்ளீடாக, எங்கும் பிடிமானம் இல்லாமல் மிதக்கும். ட்ரையக் கேட்டை ஓட்டும் காலும் அப்படியே. அது மிதந்து ஒரு கணம் உயர்ந்தால் தட்டு அதிர்ந்து ஒரு பிடி அரிசி கொட்டும். பராமரிப்புக்காக யாராவது தட்டில் கை வைத்திருந்தால் அதைவிட மோசம். அந்தக் காலுக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் சிப் விழிக்கும் வரை கேட் தாழ்ந்தே இருக்கும். கோடின் முதல் வரியை எழுத முன் அதை போர்டில் சோல்டர் பண்ணிவிடுங்கள்.